ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வன்னிக்குத் திரும்புகிறவர்களுக்கு

வன்னியில் வெளிநாட்டில் உறவினர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் போனவர்களில் திட்டமிட்டுத் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். கனடாவுக்கோ சுவிஸுக்கோ ஜேர்மனிக்கோ போனவர்கள் அங்கேயே குடும்பமாகி, பல ஆண்டுகள் கழித்துக் கோயில் பொங்கலுக்கு விருந்தாளிகளாக வந்து போவதைத்தான் நாங்கள் கண்டு வளர்ந்தோம். அதனால் எப்படிப் போவது என்று கேட்டால் ஊரில் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். படிப்பை முடித்துக்கொண்டு ஒழுங்காகத் திரும்புவது எப்படி என்று கேட்டால் சொல்வதற்கு ஆளில்லை.

கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ படித்துக்கொண்டு, ஒரு செமஸ்டருக்கு மட்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஜேர்மனியில் ஒரு குளிர்கால செமஸ்டர் படித்துவிட்டு வந்தவள். ஆகவே அலுவலக நடைமுறைகளை அந்த நாட்டை வைத்தே சொல்கிறேன். வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் அங்கே அதற்கு ஈடான அலுவலகத்தைத் தேடிக்கொள்ளலாம். செய்ய வேண்டிய வரிசை மாறாது.

எல்லாவற்றுக்கும் முதல் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டரைப் பற்றி யோசித்துப் பார்ப்பதை வீட்டுக்கு வந்தபிறகு செய்யலாம் என்று ஒத்திவைக்காதீர்கள். வந்த பத்து நாளில் உங்கள் அனுபவம் ஊரார் கேட்கும் கேள்விகளுக்கு ஏற்ற கதையாகிவிடும். குளிர், சாப்பாடு, சம்பளம், ரயில் என்ற நாலு தலைப்புக்குள் எல்லாம் அடங்கிவிடும். மற்றதெல்லாம் கேட்பாரில்லாமல் மறந்துபோகும்.

முதலாவது: புறப்பட ஆறு வாரம் இருக்கும்போதே தாள் வேலைகளைத் தொடங்குங்கள்

மனம் அமைதியாக எதையும் எண்ணிப் பார்க்க வேண்டுமானால் தலைக்கு மேல் அலுவலக வேலை தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. ஜேர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் ஒக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. விரிவுரைகள் பெப்ரவரி நடுப்பகுதியோடு முடிந்துவிடும். பரீட்சைகள் அதையொட்டி வரும். சில பாடங்களுக்குப் பரீட்சைக்குப் பதிலாக நீண்ட கட்டுரை ஒன்று எழுத வேண்டும். அதன் கடைசி நாள் பல வேளைகளில் மார்ச் இறுதியாக இருக்கும், அதாவது நீங்கள் ஊரில் நிற்கும் நாளாக இருக்கும். டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பாடத்துக்கும் இந்தத் திகதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விசா முடியும் திகதியையும் அதே தாளில் எழுதுங்கள். அதைத் தாண்டி ஒரு நாள்கூட நிற்க வேண்டாம்.

அறையை விட்டு வெளியேறும்போது நகர அலுவலகத்தில் வதிவிடப் பதிவை நீக்க வேண்டும். அப்மெல்டுங் என்று கேட்டால் வழி காட்டுவார்கள். நாட்டை விட்டுப் போகிறவர்கள் வெளியேறும் நாளுக்கு ஒரு வாரத்துக்கு முன்பிருந்து இதைச் செய்யலாம். வெளியேறி இரண்டு வாரத்துக்குள் செய்தே ஆக வேண்டும். அங்கே தரும் உறுதிச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்புறுதியை நிறுத்தவும் ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்தவும் அதைத்தான் கேட்பார்கள். அந்தக் கட்டணம் ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. தொலைக்காட்சி பார்க்காவிட்டாலும் உண்டு. நிறுத்தும்படி எழுதாமல் வந்தால் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

மாதச் சந்தாவில் ஓடும் ரயில் டிக்கெட் வைத்திருந்தால், அந்த மாத இறுதியோடு நிறுத்துவதற்கு அதே மாதம் 10ஆம் திகதிக்குள் ரத்துச் செய்ய வேண்டும். தொலைபேசி ஒப்பந்தத்தையும் இப்போதே பாருங்கள்.

அறைக்குக் கட்டிய வைப்புப்பணம் உடனே கையில் வராது. சட்டப்படி மூன்று மாத வாடகை வரை வாங்கலாம். கணக்குப் பார்த்துத் திருப்பித் தர உரிமையாளர் சில மாதங்கள் எடுப்பது அங்கே வழமை. ஆகவே வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூட வேண்டாம். திறப்பைக் கொடுக்கும் நாளில் அறையின் நிலையை இருவரும் பார்த்து, எழுதி, கையொப்பமிட்டு ஒரு பிரதி வாங்குங்கள். சுவர், தரை, குளியலறை, அடுப்பு எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். குளிர்காலத்தில் பகல் குறுகியது, டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். மாலை நேரச் சந்திப்புக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பல்கலைக்கழக மின்னஞ்சல் பதிவு நீங்கியபின் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். விரிவுரைக் குறிப்புகள், ஆய்வுகூட அறிக்கைகள், பேராசிரியர்களோடு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். எல்லாருக்கும் உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள்.

இரண்டாவது: புள்ளிகள் ஊருக்கு வந்து சேரும் வழி

இதில் கவனமாக இருங்கள். அங்கே மிக உயர்ந்த புள்ளி 1.0. நாலு என்பது மட்டுமட்டாகச் சித்தி. ஐந்து என்றால் சித்தியில்லை. எங்கள் பல்கலைக்கழகங்களில் 4.0 தான் உச்சம். 1.3 எடுத்த பிள்ளையின் பெறுபேற்றுத் தாளை விவரம் தெரியாதவர் பார்த்தால் பரிதாபப்படுவார். 4.0 எடுத்தவரை மாலை போட்டு வரவேற்பார். ஆகவே பெறுபேற்றுத் தாளோடு அந்நாட்டுப் புள்ளி முறையை விளக்கும் பக்கமும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஐரோப்பிய முறையில் முழு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர வேலை, வகுப்பில் இருந்த நேரமும் வீட்டில் படித்த நேரமும் சேர்த்து. எங்கள் பீடங்கள் கிரெடிட்டைக் கணக்கிடும் விதம் வேறு. போகும்போது கையொப்பமிட்ட படிப்பு ஒப்பந்தத்தில் இருந்த பாடம் ஒன்றை அங்கே மாற்றியிருந்தால், அந்த மாற்றத்துக்கு மூன்று தரப்பும் ஒப்பமிட்ட தாள் இருக்க வேண்டும்: நீங்கள், அந்தப் பல்கலைக்கழகம், எங்கள் பீடம். அது இல்லாமல் வந்தால் நன்றாகப் படித்த பாடம்கூடக் கணக்கில் சேராமல் போகலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான ஈராஸ்மஸில் போனவர்களுக்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. எந்த நாள் முதல் எந்த நாள் வரை அங்கே இருந்தீர்கள் என்ற சான்றிதழைக் கடைசி வாரத்தில் வாங்க வேண்டும். திரும்பியபின் இணையத்தில் வரும் கேள்விக்கொத்தை நிரப்ப வேண்டும். உதவித்தொகையின் கடைசிப் பகுதி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் விடுவிக்கப்படும்.

சிபாரிசுக் கடிதம் வேண்டுமானால் நேரில் கேளுங்கள். பேராசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் பதிவுசெய்து, எந்தப் பாடம், என்ன செய்தீர்கள், அடுத்து என்ன படிக்க எண்ணுகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்பதற்குக் கூச்சப்படுகிற பழக்கம் எங்கள் பிள்ளைகளிடம் அதிகம். அங்கே கேட்பதை யாரும் தவறாக எடுப்பதில்லை.

மூன்றாவது: ஒரு கொப்பியில் எழுதுங்கள்

தாள் வேலை ஒரு வழிக்கு வந்ததும், கடைசி மூன்று வாரத்தில் தினமும் சிறிது நேரம் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். படம் எடுப்பது இதற்கு ஈடாகாது. படத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பது இருக்கும், அப்போது என்ன எண்ணினீர்கள் என்பது இருக்காது.

"நான் என்ன கற்றேன்" என்ற பெரிய கேள்வியோடு உட்கார்ந்தால் பேனா நகராது. சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள். முதல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிப் போனது, இப்போது எப்படிப் போகிறது? எந்த வகுப்பில் ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்தேன், ஏன்? முதலில் பயந்து இப்போது பயப்படாத காரியம் எது? யார் எனக்கு உதவினார்கள், அவர்களுக்கு நான் நன்றி சொல்லிவிட்டேனா? வருவதற்கு முன் யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று எண்ணியவை எவை? வீட்டில் சொல்லாமல் மறைத்த கஷ்டம் எது?

கடைசிக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். மாதக் கடைசியில் காசு முடிந்த நாட்கள், நவம்பர் இருட்டில் கட்டிலை விட்டு எழ மனமில்லாத காலைகள், ஊரில் மழை பெய்து வயல் பச்சையாகிக் கிடக்கும் படத்தைத் தம்பி அனுப்பும்போது வருகிற அழுகை, இவையெல்லாம் எல்லாருக்கும் நேர்பவை. குளிர்கால செமஸ்டருக்குப் போகிறவர் காலபோக விதைப்பின்போது புறப்பட்டு, தைப்பொங்கலை அறைக்குள் கொண்டாடி, அறுவடை முடியும் நேரத்தில் வந்து சேருகிறார். ஆண்டின் மிக அழகான பருவம் முழுவதும் அவருக்குத் தொலைபேசித் திரையில்தான் கிடைக்கிறது. அந்த இழப்பையும் எழுதுங்கள். அடுத்துப் போகிற பிள்ளைக்கு உங்கள் வெற்றிகளைவிட இந்தப் பக்கம்தான் துணையாக இருக்கும்.

படித்த துறையைப் பற்றி எழுதும்போது "அங்கே எல்லாம் சுத்தம், எல்லாம் ஒழுங்கு" என்று முடித்துவிடாதீர்கள். எப்படி, எவ்வளவு காலத்தில், யார் செலவில் என்று கேளுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். டோர்ட்முண்ட், எஸன் பக்கம் ஓடும் எம்ஷர் ஆற்றை இன்று பார்ப்பவர் கரையில் சைக்கிள் ஓட்டலாம். அந்த ஆறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் திறந்த கழிவுநீர் வாய்க்காலாகத்தான் இருந்தது. நிலக்கரிச் சுரங்கங்களால் நிலம் தாழ்ந்துகொண்டே இருந்தது. நிலத்துக்கு அடியில் குழாய் பதித்தால் உடைந்துவிடும் என்பதால் கழிவை ஆற்றிலேயே விட்டார்கள். சுரங்கங்கள் மூடப்படத் தொடங்கியபின் 1992இல் சீரமைப்புத் தொடங்கியது. 2021 முடிவில்தான் ஆறு கழிவுநீரிலிருந்து விடுபட்டது. அந்த வேலையை முன்னின்று செய்தது, 1899இல் நகரங்களும் தொழிற்சாலைகளும் சேர்ந்து அமைத்த ஒரு கூட்டு நீர் அமைப்பு.

இதை அறிந்துகொண்டு வருகிறவருக்கும், "ஜேர்மனியில் ஆறுகள் கண்ணாடி போல" என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாமவரின் பேச்சைக் கேட்டால் ஊருக்கு ஏக்கம்தான் மிஞ்சும். ஒரு மண் சீரழிந்து, முப்பது ஆண்டு உழைப்பில் மீண்டது என்று முதலாமவர் சொல்வார். எல்லாம் இழந்து மீளக் குடியேறிய எங்கள் மக்களுக்கு அது கேட்கத் தகுந்த செய்தி. உங்கள் துறை எதுவானாலும் அதில் இப்படியொரு வரலாறு இருக்கும். கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

நான்காவது: உறவினர் வீடுகளுக்குப் போய் வாருங்கள்

புறப்பட முன் அங்குள்ள மாமி, சித்தப்பா வீடுகளுக்கு ஒரு முறை போங்கள். ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. அதன் தேர் கோடையின் தொடக்கத்தில் வரும் என்பதால் குளிர்கால செமஸ்டர்காரருக்குக் கிடைக்காது. என்றாலும் ஒரு வெள்ளிக்கிழமை போய் வரலாம்.

அவர்கள் விட்டுவந்த ஊர் அவர்கள் மனதில் அப்படியே நிற்கிறது. இல்லாத மரத்தையும் மூடிய கிணற்றையும் விசாரிப்பார்கள். திருத்திச் சொல்ல அவசரப்படாதீர்கள். எந்த இடத்தைப் பார்க்க விரும்புகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, ஊர் வந்ததும் அங்கே போய்ப் படம் எடுத்து அனுப்புங்கள். அவர்கள் போட்ட சோற்றுக்கு அதைவிட நல்ல நன்றி இல்லை.

பார்சல் தருவார்கள். டிக்கெட்டில் எழுதியிருக்கும் எடையைச் சொல்லி, "இவ்வளவுதான் மாமி கொண்டுபோகலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒட்டி மூடிய பொதியை யார் தந்தாலும் வாங்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, நீங்களே அடுக்குங்கள்.

உங்கள் குளிர்ச்சட்டை, சோறு சமைக்கும் குக்கர், போர்வை இவற்றை விற்கவோ எறியவோ வேண்டாம். உறவினர் ஒருவர் வீட்டில் அடுத்து வரும் மாணவருக்காக விட்டுவிட்டு வாருங்கள். ஒக்டோபரில் வந்து இறங்கும் பிள்ளைக்கு முதல் மாதச் செலவில் கணிசமான பகுதி மிச்சமாகும்.

ஐந்தாவது: "ஏன் திரும்பி வந்தாய்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துகொண்டே கட்டுநாயக்காவில் இறங்குங்கள். முறிகண்டியில் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைக்கும்போதே யாராவது கேட்டுவிடக்கூடும். "அங்கேயே நின்றிருக்கலாமே பிள்ளை" என்று அன்போடுதான் சொல்வார்கள். தங்கள் பிள்ளையை அனுப்புவதற்குக் காணியை விற்றவர்கள், முகவரிடம் காசைக் கொடுத்து ஏமாந்தவர்கள், கடலிலும் காட்டு வழியிலும் பிள்ளையை இழந்தவர்கள் இருக்கும் ஊர் இது. அவ்வளவு விலை கொடுத்தும் கிடைக்காத ஒன்றை நீங்கள் கையில் வைத்திருந்து விட்டுவிட்டதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. அந்த வலிக்கு மரியாதை கொடுத்துப் பேசுங்கள். கோபப்படாதீர்கள்.

ஆனால் உங்கள் பதிலில் தடுமாற்றம் வேண்டாம். படிக்கப் போனேன், படித்துவிட்டு வந்தேன், பட்டம் இங்கேதான் முடிக்க வேண்டும், பிறகு மேற்படிப்புக்கு மறுபடி முறைப்படி போக வழி இருக்கிறது என்று அமைதியாகச் சொல்லுங்கள். சொன்ன நாளில் திரும்பியவருக்கு அடுத்த விசா விண்ணப்பத்தில் காட்ட ஒரு நல்ல பதிவு இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். உங்கள் பீடத்தின் பெயரில் போய்த் திரும்பாமல் நின்றால், பின்னால் விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் வாய்ப்புக்கும் ஊறு வரும். இதை அப்பா அம்மாவிடம் நீங்கள் புறப்படுவதற்கு முன்பே பேசி வைப்பது நல்லது. பெற்றோர் தெளிவாக இருந்தால் மற்றவர் பேச்சு உங்களை அவ்வளவாகத் தொடாது.

முதல் சில வாரங்கள் மனம் சோர்ந்திருக்கும். வெயில் தலையைச் சுற்றும், இரவில் நித்திரை வராது, நண்பர்கள் பேசும் விடயங்களில் நீங்கள் இல்லாத ஒரு செமஸ்டர் ஓடிப்போயிருக்கும். தனியாகவே எல்லாம் செய்து பழகியபின் வீட்டார் "எங்கே போகிறாய், எப்போது வருவாய்" என்று கேட்பது பாரமாக இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதல். அங்கே இரவு பத்து மணிக்கு நூலகத்திலிருந்து தனியாக நடந்து வந்தவள் இங்கே ஆறு மணிக்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இதைப் பற்றி வீட்டில் சண்டையாகப் பேசாமல், ஆனால் பேசியே தீருங்கள். எந்த ஒரு விடயத்தில் மாற்றம் வேண்டும் என்று தேர்ந்து, அதை மட்டும் கேளுங்கள். திரும்பி வந்த இன்னொருவர் கிடைத்தால் வாரம் ஒருமுறையாவது பேசுங்கள். சோர்வு மாதக்கணக்கில் நீண்டால் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசகரிடம் போங்கள்.

நண்பர்களிடம் பேசும்போது ஒரு கவனம் வேண்டும். மின்வெட்டு வந்தால், பஸ் பிந்தினால், "அங்கே இப்படியில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். உங்களைப் போலவே விண்ணப்பித்துக் கிடைக்காதவரும், ஆங்கிலத்துக்குப் பயந்து விண்ணப்பிக்காதவரும் அதே மேசையில் இருக்கிறார். அவருக்குத் தேவை விண்ணப்பப் படிவத்தை எப்படி நிரப்புவது என்பது. உட்கார்ந்து சேர்ந்து நிரப்புங்கள்.

ஆறாவது: கொண்டுவந்ததை ஊரில் வைத்துப் பாருங்கள்

கொப்பியை எடுத்து, துறைசார்ந்து எழுதியதில் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு வன்னியில் எது ஈடு என்று தேடுங்கள். நீர்வளம் படித்தவர் இரணைமடுவுக்குப் போகலாம். குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து எத்தனை ஏக்கரில் சிறுபோகம் செய்வது என்று முடிவெடுக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம், நீங்கள் திரும்பி வரும் பருவத்தை ஒட்டித்தான் நடக்கும். கமக்கார அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் ஒரே மண்டபத்தில் நின்று பங்கு பேசுவதைக் கேளுங்கள். எம்ஷர் கரையில் நகரங்கள் சேர்ந்து செய்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க அங்கே நிறைய இருக்கிறது. எங்கள் முறையில் ஒரு மேன்மை உண்டு: வயலில் இறங்குகிறவரே எழுந்து நின்று பேசுகிறார். இதைக் கண்டபிறகு கொப்பியில் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கும். திருத்துங்கள்.

கணினி படித்தவர் தன் பழைய பாடசாலைக்குப் போகலாம். உணவுத் தொழில்நுட்பம் படித்தவர் பனங்கிழங்கும் ஒடியலும் செய்யும் பெண்கள் சங்கத்தில் ஒரு பகல் இருக்கலாம். அறிவுரை சொல்லப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள்.

ஏழாவது: அடுத்தவருக்கு ஒரு கோப்பு

கடைசியாக, கொப்பியிலிருந்து மற்றவருக்குப் பயன்படுவதை மட்டும் எடுத்து ஒரு கோப்பாக்குங்கள். வாடகை, சாப்பாடு, பயணம் என்று உண்மையாகச் செலவான தொகை. எடுத்த பாடங்கள், அவற்றில் எது எங்கள் பீடத்தில் கணக்கில் சேர்ந்தது. எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாள். குளிர்ச்சட்டையும் குக்கரும் யார் வீட்டில் இருக்கின்றன என்பது, அந்த வீட்டாரின் அனுமதியோடு. பெறுபேற்றுத் தாள் வருவதற்கு முன் கோப்பு முடியாது. பரீட்சை முடிவுகள் வந்து ஐந்து வாரத்துக்குள் அனுப்பப்பட வேண்டும் என்பது ஈராஸ்மஸ் விதி. அதற்குப் பிறகும் வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். அங்கிருப்பவர்களோடு தொலைபேசியில் பேசுவதானால், குளிர்காலத்தில் எங்கள் கடிகாரம் அவர்களுடையதைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை மாற்றியபின் மூன்றரை மணி நேரம்.

ஒக்டோபரில் போகப் போகிறவர்கள் கொழும்பில் விசாவுக்கு நாள் பிடிக்க வேண்டும், காப்புறுதிக் கடிதம் எடுக்க வேண்டும், அறை தேட வேண்டும். மாணவர் விடுதிகளில் இடம் கேட்டு விண்ணப்பிப்பதைக் கோடைக்கு விட்டால் பிந்திவிடும். ஆகவே மே மாதத்துக்குள் அந்தக் கோப்பின் ஒரு பிரதி பீட அலுவலகத்திலும், இன்னொன்று தெரிவான பிள்ளைகளின் கையிலும் இருக்கும்படி பாருங்கள். முதல் பக்கத்தில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிவிடுங்கள்.